பொருள்களின் இணையமும் அலைக்கற்றையின் உடைமையும்: பிரித்தானிய மின்மானிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழிற் ‘பொருள்’ என்னும் சொல் பண்டத்தையும் செல்வத்தையும் கருத்தையும் சுட்டவல்லது. தொல்காப்பியத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கும் திருக்குறளின் இரண்டாம் பாலுக்கும் அச்சொல்லே பெயராயினும் ஈரிடத்தும் அது குறிப்பது ஒன்றன்று. ‘பொருள்களின் இணையம்’ என இன்று வழங்கும் தொடர், கெவின் அஷ்ரன் என்பார் 1999 இல் ஆங்கிலத்தில் ஆக்கிய தொடரின் நேர் மொழிபெயர்ப்பாகும். மூலத்தில் அது சடப்பொருள்களை மாத்திரமே சுட்டிநிற்கின்றது. தமிழிலோ, மொழிபெயர்த்தோர் கருதியிராத வகையிற் செல்வம் என்னும் கருத்தும் உடன் வந்து சேர்ந்துவிடுகின்றது. அதனை ஒரு வாய்ப்பாகவே நாம் கொள்கின்றோம். ஏனெனில், இவ்விடயம் பற்றி எழுதப்படுவனவற்றுட் பெரும்பாலானவை பண்டத்தைப் பற்றி விரிவாகப் பேசிச் செல்வத்தைப் பற்றிப் பேசாது விடுவன.

ஒரு மின்மானி, ஒரு நீர்மானி, பஸ் வண்டியிற் பொருத்திய இடங்காட்டி, கட்டடமொன்றின் அபாய அறிவிப்பான் ஆகியன தாம் அளந்ததைத் தொலைவிலுள்ள கணினிக்கு அறிவிப்பதற்கு ஒரு தொடர்பு வழி வேண்டும். கம்பி இழுத்தல் இயலாத இடத்திலும் செலவு மிகும் இடத்திலும் கையடக்கத் தொலைபேசி வலையமைப்பே அவ்வழியாகின்றது. எந்த வலையமைப்பு, எந்தத் தலைமுறைத் தொழில்நுட்பம், எவருடைய சிம் அட்டை என்பவற்றைத் தீர்மானித்தலை ‘இணைப்புத் தெரிவு’ என்பர். இது பொறியியலாளரின் பணி, இலக்கிய மாணவர் இதனுட் புகுவது ஏன் என்று கேட்கப்படலாம். பிறெக்ற் 1932 இல் வானொலியைப் பற்றி எழுதினார். றேமண்ட் வில்லியம்ஸ் 1974 இல் தொலைக்காட்சியைப் பற்றித் தனிநூலே எழுதினார். இருவரும் இலக்கியத்தைத் தம் துறையாகக் கொண்டவர்களே. தொழில்நுட்பம் தன் பாதையைத் தானே வகுத்துக்கொண்டு வந்து சமூகத்தின்மீது விழுகின்றது என்னும் நம்பிக்கையை வில்லியம்ஸ் அந்நூலில் மறுத்துரைத்தார். எக்கருவி எவருடைய தேவைக்காக, எவருடைய முதலீட்டில் வளர்க்கப்பட்டது என்று வினவும் பழக்கத்தை அவரிடமிருந்து பெற்றோம். அவ்வினாவை ஒரு மின்மானியின் அளவுக்கு இறக்கிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அட்டவணையும் அதிலில்லாத நிரலும்

தொழில்நுட்பத்தை அறியாது அதன் அரசியலைப் பேசுவது ஆரவாரமாகவே முடியும். ஆதலின் அதனை முதலிற் கூறுவோம்.

2ஜி எனப்படும் இரண்டாந் தலைமுறை வலையமைப்பு 1990களில் மனிதக் குரலுக்காக அமைக்கப்பட்டது. குரல் போக எஞ்சிய இடத்திற் சிறு தரவுகளும் சென்றன. அதற்கான மொடெம் மலிவானது. அதன் அலை எட்டாத ஊர் அரிது. ஆகவே நெடுங்காலம் எந்திரங்களின் பொதுமொழியாக அதுவே விளங்கிற்று. பின்வந்த 3ஜி, 4ஜி ஆகியன மனிதர் படம் பார்ப்பதற்கேற்ற வேகத்தை நாடிச் சென்றன. நாளொன்றுக்குச் சில நூறு எழுத்துகளளவு செய்தி அனுப்பும் நீர்மானிக்கு அவ்வேகம் வேண்டுவதில்லை. அதற்கு வேண்டுவன வேறு: நிலத்தடிக் குழியினுள்ளும் அலை எட்டவேண்டும், பற்றரி பத்தாண்டு தாங்கவேண்டும், மொடெம் மலிவாயிருத்தல் வேண்டும். இத்தேவைகளை முன்னிட்டு, கையடக்கத் தொலைபேசி நியமங்களை வகுக்கும் 3ஜிபிபி என்னும் சர்வதேச அமைப்பு 2016 யூனில் நிறைவுசெய்த தனது 13ஆம் வெளியீட்டில் இரு முறைகளைச் சேர்த்தது. ஒன்று என்.பி.-ஐ.ஓ.ரி. எனவும் மற்றையது எல்.ரி.ஈ.-எம் எனவும் வழங்கும்.

முன்னையது 180 கிலோஹேட்ஸ் அகலமான ஒடுங்கிய பட்டையில் இயங்குவது. கேளாவிடின் திரும்பச் சொல்லுதலே அதன் உத்தி. ஒரே செய்தியைத் தளநிலையம் 2048 தடவை வரையும் கருவி 128 தடவை வரையும் மீள அனுப்ப அது இடமளிக்கின்றது. இதனாற் பழைய 2ஜி இனங்காணக்கூடியதிலும் ஏறத்தாழ 20 டெசிபெல், அதாவது நூறு மடங்கு, நலிந்த அலையையும் அது பற்றிக்கொள்ளும். பின்னையது 1.4 மெகாஹேட்ஸ் பட்டையிற் செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு மெகாபிற் வரை செல்வது, ஓடும் வண்டியில் ஒரு கோபுரத்திலிருந்து மறு கோபுரத்துக்கு அறாது மாறுவது, குரலையும் தாங்குவது. அசையாப் பொருளுக்கு முன்னையதும் அசையும் பொருளுக்குப் பின்னையதும் ஏற்றவை என்பது பொதுவிதி. இரண்டுக்கும் பொதுவாயமைந்தது உறக்கமாகும். கருவி தன் வானொலியை அணைத்துவிட்டு மணிக்கணக்கிலும் நாட்கணக்கிலும் உறங்கலாம். வலையமைப்பு அதன் பதிவை மறவாது வைத்திருக்கும். விழித்ததும் மீளப் பதிவு செய்யாமலே அது செய்தியை அனுப்பும். பற்றரி பத்தாண்டு தாங்கும் என்னும் விளம்பரத்தின் அடிப்படை இதுவே. அவ்விளம்பரம் சொல்லாது விடுவதும் ஒன்றுண்டு. அலை நலிந்த இடத்தில் ஒரே செய்தியைப் பன்முறை அனுப்பவேண்டியிருப்பதால் அதே பற்றரி மிக விரைவில் தீர்ந்துபோகும். ஆழ்குழிக்குள் எட்டுதலும் நீண்ட ஆயுளும் ஒருங்கே கிடைப்பன அல்ல. மேலும், கருவியின் மென்பொருளிற் பாதுகாப்புக் குறை காணப்படின் அதனைத் தொலைவிலிருந்தே திருத்தல் வேண்டும். ஒடுங்கிய பட்டையில் அது மிக மெதுவாகவே நிகழும். இவ்விரு முறைகளும் நிறுவப்படாத இடங்களில், சாதாரண 4ஜி வலையமைப்பிலேயே குறைந்த வேகத்துடன் இயங்கும் மலிவான மொடெம்களையும் பயன்படுத்துவர்.

கைந்நூல்கள் இவற்றையெல்லாம் ஓர் அட்டவணையாக்கித் தரும்: வேகம், எட்டும் தூரம், மின்நுகர்வு, விலை. அட்டவணை பிழையானதன்று. ஆயினும் அதில் ஒரு நிரல் குறைகின்றது. இவ்வலை எந்த ஆண்டு வரை ஒலிக்கும், அதனைத் தீர்மானிப்பவர் எவர் என்பதே அந்நிரல். அதனை நிரப்பாது செய்யப்படும் தெரிவைத் தெரிவென்பது எங்ஙனம் என்பதைப் பிரித்தானிய வீடுகளின் மின்மானிகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒரு வீட்டின் மூன்று மானிகள்

பிரித்தானியாவில் மின்மானியோடு வானொலி பேசத் தொடங்கியது இன்று நேற்றன்று. 1980களிலேயே பி.பி.சி.யின் நெட்டலை ஒலிபரப்பு அப்பணியை ஆற்றிற்று. இங்கிலாந்தின் டிறொயிற்விச் முதலிய நிலையங்களிலிருந்து 198 கிலோஹேட்ஸில் எழும் வானொலி நாலாவது சேவையின் அலையில், கேட்போர் செவிக்குப் புலப்படாதவாறு, செக்கனுக்கு 25 பிற் என்னும் நத்தை வேகத்திற் கட்டளைகள் ஏற்றப்பட்டன. மின்விலை குறைந்த இரவு வேளையில் வீட்டின் வெப்பச் சேமிப்பு அடுப்புகளை மூட்டவும் விடியலில் அணைக்கவும் அக்கட்டளைகள் பயன்பட்டன. வீட்டிலுள்ள பெட்டி கேட்குமேயன்றிப் பேசாது. நாடகமும் செய்தியும் கால்நடை விலையும் சென்ற அதே அலையில் வீட்டை வெப்பமாக்கும் ஆணையும் சென்றது என்பது இலக்கிய மாணவர் எவருக்கும் சுவைதரும் செய்தியே. எரிவாயுக் குழாய் எட்டாத ஸ்கொற்லாந்துக் கிராமங்களில் இம்முறை மிகுதியாகப் பரவியிருந்தது. ஒலிபரப்புச் சாதனங்கள் முதுமையுற்று உதிரிப்பாகங்கள் அரிதாகிய நிலையில், 2025 யூன் 30 தொடக்கம் கட்டங்கட்டமாக இச்சேவையை நிறுத்துவதெனத் தீர்மானிக்கப்பட்டது. அந்நாள் நெருங்கியபோதும் 3 இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகளில் மானி மாற்றப்படாதிருந்தது. ஆயினும் அச்சேவை ஏறத்தாழ நாற்பதாண்டு வாழ்ந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

இரண்டாவது தலைமுறை, ‘ஸ்மார்ட் மீற்றர்’ எனப்படும் திறன்மானிகளின் முதல் வகையாகும். இவற்றை வீடுகளிற் பொருத்தும் பொறுப்பு மின்கம்பிகளை உடைய நிறுவனங்களிடமன்றி, மின்சாரத்தை விற்கும் நிறுவனங்களிடம் விடப்பட்டது. ஒவ்வொரு விற்பனை நிறுவனமும் தனக்கு உவப்பான தொலைபேசி நிறுவனத்தின் சிம் அட்டையை மானியுள் வைத்துத் தன் சொந்தக் கணினியோடு இணைத்துக்கொண்டது. போட்டியே நுகர்வோனுக்கு நலம் தரும் என்பதும், நுகர்வோன் ஒரு நிறுவனத்தை விட்டு மற்றொன்றுக்கு இலகுவில் மாறலாம் என்பதும் இத்திட்டத்தின் கொள்கைகள். நிகழ்ந்தது யாது? அவன் மாறியதும் அவனது மானி ஊமையாயிற்று. புதிய நிறுவனத்தின் கணினிக்குப் பழைய நிறுவனத்தின் மானியோடு பேச வழியில்லை. திறன்மானி சாதாரண மானியாகிப் பழையபடி கையால் வாசிக்கப்பட்டது. மாறும் சுதந்திரத்தைப் போற்றுவதற்காக வகுக்கப்பட்ட திட்டம் மாறியவனையே தண்டித்தது. முரண்பாடு என்னும் சொல்லை நாம் சில வேளைகளில் அளவுமீறிப் பயன்படுத்துவதாகக் கூறுவோர் உளர். இங்கு அதனைத் தவிர்க்க வழி காணோம். இம்மானிகளைப் பொது வலையமைப்புக்கு மாற்றும் பணி பின்னர் ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது.

அப்பொது வலையமைப்பே மூன்றாவது கட்டம். 2013 செப்ரெம்பரில் அரசு, எல்லா மானிகளுக்கும் பொதுவான தரவுத் தொடர்பு நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் வழங்கிற்று. கபிற்றா என்னும் தனியார் நிறுவனத்தின் துணை நிறுவனமே அதனைப் பெற்றது. நாடு மூன்று வலயங்களாக வகுக்கப்பட்டது. மத்திய வலயமும் தென் வலயமும் டெலிபோனிக்காவுக்கு (ஓ2) வழங்கப்பட்டன. வட வலயம் ஆக்கிவா நிறுவனத்துக்குச் சென்றது. இரண்டும் பதினைந்தாண்டு ஒப்பந்தங்கள். முன்னையது ஏறத்தாழ 150 கோடிப் பவுண் பெறுமதியானது, பின்னையது ஏறத்தாழ 62½ கோடிப் பவுண் பெறுமதியானது. தெற்கிலே ஏற்கெனவே நின்ற 2ஜி, 3ஜி கோபுரங்கள் பயன்பட்டன. ஸ்கொற்லாந்தையும் வட இங்கிலாந்தையும் கொண்ட வடக்கிலே, 400 மெகாஹேட்ஸ் அளவிலான நெடுந்தூர வானொலி மானிகளுக்கென்றே தனியாக நிறுவப்பட்டது. ஒரே நாட்டில், ஒரே பணிக்கு, ஒன்று வாடகை வழியும் மற்றையது தனிவழியுமாக இரு தெரிவுகள் அருகருகே நிகழ்ந்தமையால் இவ்வுதாரணம் எமக்குப் பெரிதும் பயன்படுகின்றது.

2013 இல் 2ஜியையும் 3ஜியையும் தெரிந்தவர்களை மூடர் என்றல் முறையன்று. பிரித்தானியாவில் 4ஜி சேவை தொடங்கியது 2012 இன் இறுதியிலேயே. அதன் மொடெம் விலையும் அதிகம், கோபுரங்களும் சில. அன்றைய அட்டவணையை வைத்துப் பார்ப்பின் அவர்களது விடை சரியானதே. ஆனால் 2021 டிசெம்பரில் அரசும் கையடக்கத் தொலைபேசி நிறுவனங்களும் கூட்டாக ஓர் அறிவித்தல் விடுத்தன: 2033க்குள் 2ஜி, 3ஜி இரண்டும் நாடெங்கும் மூடப்படும். 2024 இன் தொடக்கத்திலேயே வொடஃபோன், ஈஈ ஆகியவற்றின் 3ஜி வலையமைப்புகள் மறைந்தன. பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு 2023 ஒக்டோபரில் வெளியிட்ட அறிக்கை, வலையமைப்புகள் மூடப்படும்போது 70 இலட்சம் மானிகள் தம் தொடர்புத் திறனை இழக்கும் எனச் சுட்டிற்று. 4ஜிக்கான ஒப்பந்தம் 2023 இல் வொடஃபோனுடன் செய்யப்பட்டது. மூடுவிழா நாள் குறிக்கப்பட்ட பின்னரும், 4ஜிப் பெட்டிகள் ஆயத்தமாகாமையால், பழைய பெட்டிகளே வீடுகளிற் பொருத்தப்பட்டு வந்தன. இவற்றின் செலவுகள் அனைத்தும் ஈற்றில் வந்து சேருமிடம் நுகர்வோரின் மின்பட்டியலே.

இங்கே பிறெக்ற்றிடம் ஒருமுறை செல்லல் தகும். வானொலி ஒருவழிச் சாதனமாக இருத்தலாகாது, கேட்பவன் பேசவும் வேண்டும், விநியோகக் கருவி உரையாடற் கருவியாக மாறவேண்டும் என்பது அவரது 1932 ஆம் ஆண்டு வாதம். நெட்டலை மானியிலிருந்து திறன்மானிக்கு வந்தபோது வானொலி உண்மையிலேயே இருவழிச் சாதனமாயிற்று. ஆனாற் பேசும் வாய் வீட்டுக்காரனுடையதன்று, மானியினுடையது. அது அவனைப் பற்றிப் பேசுகின்றது; அவனுக்காகப் பேசுவதில்லை. அரைமணிக்கொருமுறை அளந்த கணக்கை அனுப்பும் அதே வழியாற் கட்டளையும் உள்ளே வரும். கட்டணம் செலுத்தத் தவறிய வீட்டின் மானியை, வாயிற்படியை மிதிக்காமலே, முற்கொடுப்பனவு முறைக்கு மாற்றிவிடலாம். முன்னர் அதற்கு நீதிமன்ற ஆணையும் கதவைத் திறக்கும் ஆளும் வேண்டியிருந்தன. முற்கொடுப்பனவு மானியிற் காசு தீர்ந்தால் வெளிச்சமும் வெப்பமும் தீரும். 2022–23 குளிர்காலத்தில் மின்விலை ஏறியபோது இவ்வாறு மாற்றப்பட்ட வீடுகள் பற்றிய கண்டனம் நாடெங்கும் எழுந்தது. 2023 பெப்ரவரியில் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையான ஒஃப்ஜெம் கட்டாய மாற்றங்களை இடைநிறுத்தக் கோரிற்று. ஏப்பிரலில் ஒரு நடைமுறைக் கோவை வெளிவந்தது. ‘நம்பகமான இணைப்பு’ என்று கைந்நூல் புகழும் பண்பு, கூதிர் காலத்து ஏழை வீட்டில் யாதாகத் தோன்றும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டும்.

குத்தகைக்காரனாகிய மானி

நன்றாயிருக்கும் வலையமைப்பை அதன் உடைமையாளர் மூடுவது ஏன்? பேராசை என்று விடையிறுத்து அமைதல் எளிது. ஒழுக்கத் தீர்ப்பு விளக்கமாகிவிடாது.

அலைக்கற்றை நிலத்தைப் போன்றது. அதனைப் புதிதாக உற்பத்தி செய்தல் இயலாது. அதனுள்ளும் வளமானதும் வளங்குன்றியதும் உண்டு. 800, 900 மெகாஹேட்ஸ் போன்ற தாழ்ந்த மீடிறன்கள் தூரம் செல்வன, சுவரைக் கடப்பன, உயர்ந்தவை அவ்வாறல்ல. ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியில் நிலவாடகையை விளக்கும் மார்க்ஸ் நீர்வீழ்ச்சி ஒன்றை உதாரணமாகக் கொள்கின்றார். நீராவியால் இயங்கும் ஆலைகளுக்கிடையே நீர்வீழ்ச்சியால் இயங்கும் ஆலைக்கு மிகை இலாபம் கிட்டுகின்றது. அம்மிகை உழைப்பினாலோ முதலீட்டினாலோ பிறந்ததன்று. ஏகபோகமாகப் பற்றத்தக்க ஓர் இயற்கை விசையாற் பிறந்தது. ஆகவே அது விசை அமைந்த நிலத்தின் உடைமையாளனுக்கு வாடகையாகச் செல்கின்றது. பிரித்தானிய அரசு 2000 ஆம் ஆண்டில் 3ஜி அலைக்கற்றையை ஏலத்தில் விட்டபோது ஐந்து உரிமங்களுக்கு ஏறத்தாழ 2,250 கோடிப் பவுண் பெற்றது. கண்ணாற் காணாத நீர்வீழ்ச்சிக்குக் கொடுக்கப்பட்ட விலை அது.

இந்நிலத்தில் மின்மானி ஒரு வறிய குத்தகைக்காரன். அது பயன்படுத்தும் இடம் சிறிது. கொடுக்கும் பணமும் சிறிது. ஆனால் ஒருமுறை குடியேறினால் பதினைந்து ஆண்டு எழும்பாது. அதே மெகாஹேட்ஸில் 4ஜியையோ 5ஜியையோ விதைத்தாற் பன்மடங்கு தரவு விளையும். பழைய சாதனங்களைப் பராமரிக்கும் ஆட்களும் மின்சாரச் செலவும் மிச்சமாகும். ஆகவே குடியானவன் எழுப்பப்படுகின்றான். 3ஜியை முதலில் மூடிவிட்டு 2ஜியைச் சிறிது பொறுத்து வைத்திருப்பதற்கும், அதிற் குடியிருக்கும் மானிகளினதும் பழைய கருவிகளினதும் எண்ணிக்கையே ஒரு காரணம். குடியானவர் பலராயின் எழுப்புவது கடினம் என்பது பண்ணைப் பொருளாதாரமும் அறிந்த உண்மை.

மற்றொரு கருத்தையும் இத்துடன் சேர்த்து நோக்கல் வேண்டும். எந்திரத்தின் தேய்மானத்தை மார்க்ஸ் முதற்றொகுதியில் ஆராயும்போது, பயன்படுத்தலாலும் பயன்படுத்தாமையாலும் விளையும் பௌதிகத் தேய்மானத்தினின்றும் வேறான ஒன்றைக் குறிப்பிடுகின்றார். அதே எந்திரம் மலிவாக உற்பத்தியாகும்போதோ, சிறந்த எந்திரம் சந்தைக்கு வரும்போதோ, புத்தம்புதியதாயினும் பழையதன் பெறுமதி குன்றுகின்றது. இதனைச் சமூகத் தேய்மானம் எனக் கூறலாம். எனினும், மார்க்ஸ் கண்ட நூற்பெந்திரம் பரிவர்த்தனைப் பெறுமதியை இழந்த பின்னரும் நூலை நூற்கும். அதன் உடைமையாளன் நட்டத்துடனாவது அதனை ஓட்டலாம். வலையமைப்பு மூடப்பட்ட கருவிக்கு அவ்வாய்ப்பும் இல்லை. அதன் தொடர்புத் திறன், ஓர் அணுவும் தேயாமல், ஒரு குறித்த நாளில் அணைந்துவிடுகின்றது. பயன்பெறுமதியே வெளியிலிருந்து பறிக்கப்படுகின்றது. கருவி வாங்கியவனுடையது, அதன் பயன்பெறுமதியிற் பாதியோ, வேறொருவனின் உடைமையிலே தங்கியிருக்கின்றது. இணைக்கப்பட்ட பண்டம் மற்றைய பண்டங்களினின்றும் வேறுபடும் இடம் இதுவென்பது எமது கருத்து.

இது பிரித்தானியாவுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவில் 2008 பெப்ரவரியில் அனலொக் வலையமைப்புகளை மூட அனுமதி கிடைத்தபோது, அதற்குச் சற்று முன்னரே, அனலொக் கருவி கொண்ட கார்களுக்கான ஒன்ஸ்ரார் விபத்துதவிச் சேவை நின்றுபோயிற்று. கார்கள் தொடர்ந்து ஓடின. 2017 இன் தொடக்கத்தில் ஏ.ரி. அன்ட் ரி. நிறுவனத்தின் 2ஜி மறைந்தபோது சன் பிரான்சிஸ்கோ நகர பஸ் தரிப்புகளில், அடுத்த வண்டி எப்போது வரும் என்று காட்டிய பலகைகள் பல பொருளற்றவையாயின. அதே நிறுவனம் 2022 பெப்ரவரியில் 3ஜியை மூடும் வேளையில் வீட்டு அபாய அறிவிப்பான் தொழிற்றுறையினர் கால நீடிப்புக் கோரி வாதிட்டனர், நீடிப்புக் கிடைக்கவில்லை.

தப்பும் வழிகள் எனப்படுவன

கைந்நூலோர் இதற்கு மாற்றாகச் சிலவற்றை எடுத்துரைப்பர். அவற்றை ஒவ்வொன்றாக நோக்கின், ஒவ்வொன்றும் ஒரு சங்கடத்தை நீக்கி மற்றொன்றை விட்டுவைப்பதைக் காணலாம்.

புதிய முறைகள் நீடிக்கும், எந்திரங்களுக்கென்றே வகுக்கப்பட்டவையல்லவா என்பது முதல் வாதம். யப்பானின் என்.ரி.ரி. டொக்கோமோ 2019 ஏப்பிரலில் என்.பி.-ஐ.ஓ.ரி. சேவையைத் தொடங்கி 2020 மார்ச்சில் முடித்துக்கொண்டது, ஓராண்டு வாழ்வு. ஏ.ரி. அன்ட் ரி. 2025 இல் அதனைக் கைவிட்டு எல்.ரி.ஈ.-எம் ஒன்றையே வைத்துக்கொண்டது. இதற்கு மாறாகச் சீனாவில், 2017 யூனிலேயே கைத்தொழில் தகவல் தொழில்நுட்ப அமைச்சு ஆண்டுக்கு இத்தனை தளநிலையங்கள் என இலக்கு வகுத்து அதனை நாடெங்கும் பரப்புமாறு பணித்தது. வலையமைப்புகள் அரசுடைமையாயிருந்தமையால் அப்பணிப்பு நிறைவேறிற்று. திட்டமிடலின் வலிமைக்கு இது சான்று. எனினும், அதே அமைச்சே 2020 மேயில் 2ஜி, 3ஜி கருவிகளைப் புதிய முறைகளுக்குப் பெயர்க்குமாறும் பணித்தது. அரசுடைமை, குடியானவனை எழுப்பாது என்பதற்கு உறுதியாகிவிடாது. எழுப்பும் நாளையும் போகும் இடத்தையும் ஒருங்கே அறிவிக்கக்கூடிய நிலை மாத்திரம் அதற்குண்டு. அதுவும் சிறிதன்று.

தொலைபேசி நிறுவனங்களையே விட்டு விலகி, உரிமம் வேண்டாத அலைப்பட்டையில் இயங்குதல் மற்றொரு வழி. இவ்வழியிற் பெரும்புகழ் பெற்ற பிரான்சின் சிக்ஃபொக்ஸ் நிறுவனம் 2022 சனவரியில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடவேண்டியதாயிற்று. பின்னர் சிங்கப்பூரைச் சேர்ந்த யூனாபிஸ் அதனைப் பொறுப்பேற்றது. லோறாவான் என்னும் முறையிற் பயனாளர் தமது தளநிலையத்தைத் தாமே நிறுவிக்கொள்ளலாம். 2015 இல் அம்ஸ்ரடாமில் நகரவாசிகள் சிலர் கூடித் தம் நகருக்குப் பொதுவான வலையமைப்பு ஒன்றை இவ்வாறே அமைத்தனர். கூட்டுடைமையின் சிறியதோர் உதாரணமாக அது எம்மை ஈர்க்கின்றது. ஆனால் அதன் வானொலி நுட்பம் செம்ரெக் என்னும் ஒரே நிறுவனத்தின் காப்புரிமைக்குட்பட்டது. ஐரோப்பாவில் ஒரு கருவி ஒலிக்கும் நேரத்துக்கும் கடுமையான வரம்புண்டு. வயலொன்றின் ஈரத்தை அளக்க அது போதும். ஒரு நாட்டின் மின்மானிகளுக்குப் போதுமா என்பது வேறு வினா.

மூன்றாவது, இ-சிம். அட்டையைக் கழற்றாமல், தொலைவிலிருந்தே கருவியை ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாம். ஜி.எஸ்.எம்.ஏ. எனப்படும் தொலைபேசி நிறுவனங்களின் சங்கம் 2023 இல் வெளியிட்ட நியமம் இதனைச் சிறு கருவிகளுக்கும் இலகுவாக்கிற்று. இது உண்மையிலேயே பயன்தரும். நிறுவனங்கள் தாமே மறைவதுண்டு. நமது நாட்டில் எற்றிசலற் லங்கா 2018 இல் ஹச்சுடனும் எயார்ரெல் லங்கா 2024 இல் டயலொக்குடனும் இணைந்தமை வாசகர் அறிந்ததே. பிறநாட்டு சிம்முடன் நிரந்தரமாகத் தங்கும் கருவிகளை அனுமதியாத பிரேசில், துருக்கி போன்ற நாடுகளிலும் இ-சிம் கைகொடுக்கும். எனினும், இ-சிம் உடைமையாளனை மாற்றுமேயன்றி மொடெமை மாற்றாது. 3ஜி மொடெம் எவருடைய சிம்மை ஏற்றாலும் 3ஜி மொடெமே. எல்லா உடைமையாளரும் ஒரே காலப்பகுதியில் ஒரே தலைமுறையைக் கைவிடும்போது, எவரிடம் மாறுவது?

எனவே, இணைப்பைத் தெரிவோர் எழுப்பவேண்டிய முதல் வினா வேகம் பற்றியதன்று. கருவி எத்தனை ஆண்டு நிற்கவேண்டும், அத்தனை ஆண்டுக்கும் அலை ஒலிக்கும் என எழுத்திற் பொறுப்பேற்பவர் எவர், ஏற்காவிடின் மாற்றுச் செலவு எவருடையது என்பனவே முன்னிற்பன. நகரசபையோ கூட்டுறவுச் சங்கமோ ஆயிரம் நீர்மானிகளை வாங்க முற்படுகையில், விலைமனுப் பத்திரத்தில் இம்மூன்றுக்கும் இடம் ஒதுக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தல் வேண்டும். உரிமக் காலத்தையும் மூடும் நாளையும் வெளிப்படையாக அறிவிக்குமாறு ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையைக் கேட்டல் தனியொரு நுகர்வோனால் இயலாது. அமைப்பாகச் சேர்ந்தோரால் இயலும்.

பிரித்தானியத் திட்டத்தின் பிழைகளை விரித்துரைத்த நாம் அதன் ஒரு நன்மையையும் மறைத்தலாகாது. அங்குத் தொடர்புப் பெட்டி மானியினுள்ளே புதைக்கப்படவில்லை. மானியின்மேல் தனியொரு பெட்டியாகப் பொருத்தப்பட்டது. ஆதலால் 70 இலட்சம் மானிகளையும் கழற்றி எறியவேண்டிய தேவை எழவில்லை. பெட்டியை மாத்திரம் மாற்றலாம். அப்பிரிப்பைச் செய்த பொறியியலாளர், அட்டவணையில் இல்லாத நிரலை ஓரளவேனும் உணர்ந்திருந்தனர் போலும். பெட்டியை மாற்றுவதற்கு ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரு தொழிலாளி சென்று தட்டவேண்டும். அவர் செல்லும் ஒவ்வொரு தடவைக்குமுரிய கூலி, பெட்டியின் விலையோடு சேர்ந்து, அடுத்த ஆண்டுகளின் மின்பட்டியல்களில் ஏறும்.